நாற்பத்தொரு நிமிடம் நின்ற ரத்தம்

2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணி ஏழு நிமிடத்துக்கு, பிரேமினியின் ரத்தம் வெளியே வருவதை நிறுத்திக்கொண்டது. கையில் கொடுத்த தாளைத் தமிழில் வாசித்துச் சொல்லும்வரை அது திரும்ப ஓடவில்லை. வார்டுக் கடிகாரத்தின்படி நாற்பத்தொரு நிமிடம். கூட வந்த வினோதாவின் கணக்கில் நாற்பத்து மூன்று. யார் எப்போது பார்க்கத் தொடங்கினார்கள் என்பதைப் பொறுத்து இரண்டுமே சரியாக இருக்கலாம்.

பிரேமினி கந்தப்பளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். வயது இருபத்தொன்பது. இரண்டாவது பிள்ளை வயிற்றில், எட்டு மாதம். முதல் பிள்ளையும் வயிற்றைக் கீறித்தான் பிறந்தது. அன்று விடிந்ததும் லயத்து வீடுகளுக்குப் பொதுவான தண்ணீர்ப் பீலியடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது வலி எதுவும் இல்லாமல் ரத்தம் போகத் தொடங்கியது. புருஷன் கஜேந்திரன் கொழும்பில் கடையில் நிற்கிறான். அவனுடைய அக்கா வினோதாதான் த்ரீவீல் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள். ஒன்றரை மணி நேர வழியில் மூன்று சேலை நனைந்தது.

உடனே ஆப்பரேஷன் என்றார் டொக்டர். தாதி சிங்களத்தில் அச்சிட்ட ஒரு சம்மதத் தாளையும் கைநாட்டு மைப்பெட்டியையும் கொண்டுவந்தாள், பேனா கொண்டுவரவில்லை. தோட்டத்து விலாசம் என்றால் மைப்பெட்டி என்பது அந்த வார்டின் வழக்கம். பிரேமினி சாதாரண தரப் பரீட்சையில் ஆறு பாடம் பாஸ் என்பதை யாரும் விசாரிக்கவில்லை. கெட்ட எண்ணத்தில் செய்தார்கள் என்றும் சொல்ல முடியாது, பழகிப்போயிருந்தது. வினோதாவுக்கு அந்த மைப்பெட்டியைத் தெரியும். நான்கு வருடத்துக்கு முன் அதே வார்டில், வலியோடு வலியாக, அவள் அதில் பெருவிரலைத் தோய்த்தாள். பிறகு பிள்ளை தங்கவில்லை என்று இரண்டு வருடம் கிளினிக்குக்கும் கோயிலுக்கும் நடந்தாள். கருக்குழாயைக் கட்டிவிட்டார்கள் என்பதைப் பழைய கார்டைப் புரட்டிய ஒரு மருத்துவிச்சிதான் கடைசியில் சொன்னாள்.

"இதுல என்னா மிஸ் எழுதியிருக்கு?" என்று பிரேமினி கேட்டாள்.

நேரமில்லை என்றாள் தாதி. அது பொய்யில்லை; கட்டில் விளிம்பிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. "வாசிச்சுக் காட்டாம கை வைக்க மாட்டேன்," என்றாள் பிரேமினி. அப்போது விளிம்பை விட்டுப் பிரிந்த ஒரு சொட்டு, தரைக்கு ஒரு சாண் மேலே வந்து அப்படியே நின்றது. தாதி பஞ்சை வைத்து எடுத்தாள், வெள்ளையாகவே வந்தது. டொக்டர் பிள்ளையின் துடிப்பைக் கேட்டார்: நூற்று நாற்பது. நோயாளி பேச முடியாமல் கிடந்து, உயிரும் போகும் நிலையில் இருந்தால், சம்மதம் இல்லாமலே வெட்டலாம். இங்கே நோயாளி தெளிவாகப் பேசினாள், ரத்தமும் காத்திருந்தது. காரணம் எழுதும் இடத்தில் 'அவசரம்' என்று எழுதப் போன டொக்டர், தொங்கும் சொட்டைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார்.

இரண்டு மொழியும் வாசிக்கிற ஆளைத் தேடுவதில் அரை மணி நேரம் போனது. கடைசியில் ஆஸ்பத்திரிக் கென்டீன் நடத்தும் மக்பூல் மாவுக் கையைத் துடைத்தபடி வந்தார். தாளில் கண்ணை ஓட்டிவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

"தங்கச்சி, இது ஆம்பள வாசிக்கிற விஷயமில்ல."

"வட வெல மட்டுந்தான் வாசிப்பீங்களா நானா? வாசிங்க. இது எவ்வளவு நேரம் நிக்கும்னு எனக்கே தெரியல."

மக்பூல் சுவருக்கு வாசித்தார். முதல் வரி, வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுப்பது. சரி என்றாள். இரண்டாவது, மயக்க மருந்தும் ரத்தம் ஏற்றுவதும். அதற்கும் சரி. மூன்றாவது அச்சில் இல்லை, பேனாவால் எழுதியிருந்தது: அதோடு சேர்த்துக் குழாயைக் கட்டிவிடுவது.

"இந்த வரிதான் புள்ள," என்றாள் வினோதா. "எனக்குச் செஞ்சது."

டொக்டர் மக்பூலிடம் சிங்களத்தில் சொன்னார். இரண்டு தடவை கீறிய வயிற்றுக்கு மூன்றாவது ஆபத்து. மருத்துவப்படி அது சரியான பேச்சுதான். "மூணாவது வந்து இதே மாதிரி ரத்தம் போனா என்ன செய்வீங்கன்னு கேக்கிறார்," என்றார் மக்பூல்.

"அப்பவும் என்னையக் கேட்டுட்டுத்தான் வெட்டணும்னு சொல்லுங்க."

உண்மையில் அவளுக்கும் கஜேந்திரனுக்கும் இரண்டு போதும் என்றுதான் பேச்சு. ஆனால் யாரும் கேட்காத கேள்விக்கு அவள் பதில் கொடுப்பதாக இல்லை. மைப்பெட்டியைத் தள்ளிவிட்டு, டொக்டரின் பேனாவை வாங்கி, மூன்றாவது வரியைக் குறுக்கே அடித்து, பெயரை முழுதாக எழுதினாள். "இப்ப வெட்டுங்க," என்றாள். சொட்டு தரையில் விழுந்தது, எல்லோரும் ஓடினார்கள். பதினொன்று ஐந்துக்குப் பெண் பிள்ளை, இரண்டு கிலோ நூறு கிராம். தாயும் பிழைத்தாள். வினோதா அன்று பின்னேரமே தன் பழைய கார்டின் பிரதியைக் கேட்டுக் கடிதம் கொடுத்தாள். பதில் இன்னும் வரவில்லை. மாதத்துக்கு ஒரு கடிதம் எழுதுகிறாள்.

அதன் பிறகு அது நடந்துகொண்டே இருந்தது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் கத்தி காலில் இறங்கிய பொன்னையாவுக்கு நின்றது; இறம்பொடையிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கும் நின்றது. விசாரிக்க வந்த குழு சொட்டின் உயரத்தை அளந்துகொண்டு போனது, அறிக்கை தரவில்லை. தாள் இரண்டு மொழியில் அச்சானது. போன மழைக்காலத்தில், கரட் பயிரிடும் பக்கத்துக் கிராமத்திலிருந்து குசுமாவதி என்ற சிங்களப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள். தாள் அவளுடைய மொழியிலேயே இருந்தது. அதை மடித்து, கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் காட்டினார்கள். அவளுடைய ரத்தமும் நின்றது. டொக்டர் யாரையும் கூப்பிடவில்லை. மடிப்பைப் பிரித்தார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.