வாத்து முனை

அந்த வடக்கத்தி ஆற்றுக்கு அரசாங்க வரைபடத்தில் பேர் கிடையாது. நீலக் கோடு ஒன்று, அவ்வளவுதான். கலைமான் மேய்க்கும் சனங்களிடம் கேட்டால் ஒவ்வொரு வளைவுக்கும் பேர் சொல்வார்கள். கூடாரம் எரிந்த இடம் கரிமேடு. ஊற்று கசிந்து பனி கெட்டிப்படாமல் கிடக்க, வாத்துகள் முதலில் வந்து இறங்கும் இடம் வாத்து முனை. யாராவது ஆற்றோடு போய்விட்டால் மட்டும் பழைய பேர் அழிந்துவிடும். போனவர் பேர்தான் அந்த இடத்துக்கு. பிறகு அங்கே ஒருவரும் கால் வைக்க மாட்டார்கள்.

போன இலையுதிர் காலத்தில் உல்யானாவின் ஒரே மகன் சவேலி வாத்து முனையில் பனி உடைந்து ஆற்றோடு போய்விட்டான் என்றார்கள். வண்டி இழுத்த மான்கள் மட்டும் நனைந்து திரும்பின. சறுக்கு வண்டியும் கிடைக்கவில்லை, அவனும் கிடைக்கவில்லை. உடம்பைப் பார்க்காமல் எந்தத் தாய் நம்புவாள்? லாரி ஓட்டும் ஆசையில் அக்கரை ஏறி நகரத்துக்குப் போயிருப்பான் என்று சாதித்தாள். கொழுந்தன் அர்கிப் ஒருநாள் வாய்தவறி அந்த இடத்தைச் சவேலி என்றுவிட்டான்.

"இன்னொரு தரம் சொன்னே, உன் கூடாரத்துல பச்சத் தண்ணி தொட மாட்டேன். எம்புள்ள இருக்கான்."

"சரி அண்ணி," என்றான். அதன்பிறகு அவள் காதுபட யாரும் சொல்லவில்லை. முதுகுக்குப் பின்னால் எல்லாரும் சொன்னார்கள். பாழாய்ப்போன சனங்கள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டாளே தவிர, அவளும் அந்த இடத்தைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

வசந்தத்தில் மந்தை ஆற்றோரம் திரும்பியது. அர்கிப்பின் மருமகள் மார்ஃபா வேறு ஆற்றுக்காரி, முன்பனியில் வாழ்க்கைப்பட்டு வந்தவள், இப்போது வயிற்றுப்பிள்ளைக்காரி. முன்னால் வண்டி ஓட்டிப் போனவள், குறுக்கே போனால் சீக்கிரம் என்று உறைந்த ஆற்றில் இறங்கிவிட்டாள். புதுப்பனி எல்லாவற்றையும் மூடியிருந்தது. மேட்டிலிருந்து பார்த்த உல்யானா கையை வீசிக் கத்தினாள்.

"நில்லுடி. அது வாத்து முனை."

மார்ஃபா அந்தப் பேரைக் கேள்விப்பட்டதே இல்லை; அவள் வருவதற்குள் சனங்கள் வாயில் பேர் மாறியிருந்தது. "கெட்டியாத்தான் இருக்கு, பெரியத்தை," என்று கையாட்டினாள். பெரியத்தை எதற்கெடுத்தாலும் பதறுகிறவள்தானே என்று மானைத் தட்டினாள். திரும்பி வா, திரும்பி வா என்று உல்யானா கத்தியதைக் காற்று பாதியிலேயே கொண்டுபோயிற்று. எந்த ஒரு சொல்லுக்கு அவள் நிற்பாள் என்று உல்யானாவுக்குத் தெரியும். அதை மட்டும் சொல்லாமல் மேட்டிலிருந்து ஓடி இறங்கினாள். முன்மானின் குளம்பு ஈரத்தில் புதைந்தது.

"மார்ஃபா, அது சவேலி! சவேலி!"

மார்ஃபா கடிவாளத்தை இழுத்தாள். மான்கள் திரும்பின. கரையேறி வந்து உல்யானாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். பின்னால் வந்தவர்கள் எல்லாருக்கும் அந்தக் கூப்பாடு கேட்டிருந்தது. அர்கிப் தொப்பியைக் கழற்றினான். உல்யானா பனியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என் வாயாலயே சொல்லிட்டேனே, அர்கிப்பு. இனிமே அவன் எங்க வரப்போறான்."