ஒப்பாரிக்கு அனுமதி

நான் செத்துப்போனது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு, எங்கள் தாமான் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில். அந்த நேரத்தில் நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் எத்தனை மணிக்குப் பல் விளக்கினால் யாருக்கென்ன?

வாசலில் ஆள் சத்தம் கேட்டது. கைலியும் வாயில் பிரஷ்ஷுமாக வெளியே வந்தால், போர்ச்சில் பன்னிரண்டு பேர். எல்லோரும் வெள்ளைச் சட்டை. முன்னால் நின்றவன் கிஷன், எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவன், முப்பத்தைந்து வயதுப் பையன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"அங்கிள் போயிட்டாரு அங்கிள். மனச தேத்திக்குங்க" என்றான். யாரிடம் சொல்கிறோம் என்பதை அப்புறம்தான் பார்த்தான்.

"யாருடா போனது?"

"நீங்கதான் அங்கிள்."

பக்கத்து வீட்டுத் தாமரை மூக்கைத் துடைத்துக்கொண்டே, "ஆன்டி அழுவுற சத்தம் கேட்டுச்சு. 'என் ராசாவே போனீரே'ன்னு. நான்தான் குரூப்ல போட்டேன்" என்றாள். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.

என் மனைவி அமுதவள்ளி வெங்காயக் கத்தியோடு சமையலறையிலிருந்து வந்தாள். "நான் எங்க அழுதேன்? பாடிக்கிட்டுல்ல இருந்தேன்?"

உண்மைதான். அவளுக்குத் தெரிந்த ஒரே ராகம் ஒப்பாரி. கேரி தீவு எஸ்டேட்டில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் ஆள் அனுப்புவது என் மாமியாருக்குத்தான். அந்த அம்மா கைக்குழந்தையோடு போய் உட்கார்ந்து பாடுவார். அந்தக் கைக்குழந்தைதான் என் மனைவி. தாலாட்டு வராது, கும்மி வராது, சாமி பாட்டு பாடினாலும் சாமி செத்துப்போன மாதிரியே இருக்கும். வெங்காயத்தைக் கையில் எடுத்தால் போதும், ஒப்பாரி தானாக வந்துவிடும். ஒப்பாரி என்றால் செத்தவர் ஒருவர் வேண்டுமல்லவா? கைக்கு எட்டிய ஆள் நான்தான். முப்பத்தெட்டு வருஷமாகத் தினமும் மதியச் சமையலுக்கு முன்னால் செத்துக்கொண்டிருக்கிறேன். முன்பு காப்பாரில் குடியிருந்தவரை யாரும் ஒன்றும் சொன்னதில்லை. அங்கே பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி அதை ரேடியோ என்றே நினைத்திருந்தாள்.

கிள்ளானில் உணவகம் நடத்தும் நுஃமான் மட்டும் சிரித்தார். துக்க வீட்டுக்கென்று பெரிய பானையில் தேநீர் கொண்டுவந்திருந்தார். "அண்ணே, உங்க பேர சொல்லிப் போட்டது. நீங்களே குடிச்சிருங்க" என்று பானையை வைத்துவிட்டுப் போனார்.

மற்றவர்களுக்குக் கோபம். நான் உயிரோடு இருப்பது அவர்களை அவமானப்படுத்திவிட்டது போலிருந்தது. நான்கு பேர் வேலைக்கு லீவு போட்டிருந்தார்களாம்.

எங்கள் தாமானைப் பற்றிச் சொல்லவேண்டும். கிள்ளானுக்கு வெளியே, கேட் போட்ட தாமான். மகள் சந்திரகலா பிடிவாதம் பிடித்ததால் இங்கே குடிவந்தோம். எல்லா வீட்டு இரும்புக் கேட்டும் ஒரே சாம்பல் நிறம். பூந்தொட்டி இரண்டடிக்கு மேல் வளரக்கூடாது. என் முருங்கைமரத்துக்காகச் சங்கத்திலிருந்து மூன்று கடிதம் வந்தது. இங்கே இருக்கும் தமிழர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அப்பனும் பாட்டனும் ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டியவர்கள்தான். ஆனால் எந்த ஊர் என்று கேட்டால் ஒருவர் விடாமல் "கிள்ளான் டவுன்" என்பார்கள். டவுனில் இத்தனை பேர் எங்கே பிறந்தார்களோ, தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவசரக் கூட்டம் போட்டார்கள். ஒப்பாரி, மாரடிப்பு, "மற்றும் எஸ்டேட் பாணிச் சத்தங்கள்" தடை.

"ஆன்டி பாடுறது தப்பில்ல லா. எல்லாரும் பாடுற மாதிரி ஏதாச்சும் பாடலாம்ல? எதுக்கு டிஃபரன்டா?" என்றான் கிஷன்.

"என் பொண்டாட்டி, என் வீடு, என் சாவு. உனக்கென்னடா வந்துச்சு?" என்று எகிறினேன். இடுப்பில் ஒரு கிள்ளு விழுந்தது.

"விடுங்க. நாலு பேரு மாதிரி இருந்துட்டுப் போறேன்" என்றாள் அமுதவள்ளி.

சொன்னபடியே இருந்தாள். மறுநாள் காலை ரோஜா நிற டி-சட்டை போட்டுக்கொண்டு மண்டபத்துக்கு சும்பா என்ற உடற்பயிற்சி நடனம் ஆடப் போனாள். பத்தொன்பது பெண்கள், பத்தொன்பது ரோஜா நிற டி-சட்டை. வெங்காயத்தைக் கூட நறுக்கியே பாக்கெட்டில் வாங்க ஆரம்பித்தாள். வீட்டில் மிக்சி சத்தம் மட்டும்தான் மிச்சம்.

முதல் வாரம் நிம்மதியாகத்தான் இருந்தது. இரண்டாவது வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இந்த முப்பத்தெட்டு வருஷத்தில் என் மனைவி என்னைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. "லைட்ட அணைங்க", "செருப்ப வெளிய விடுங்க", அவ்வளவுதான். என்னைத் தங்கம் என்றதும், கோபுரம் என்றதும், குலம் காத்த கொழுந்து என்றதும் ஒப்பாரியில் மட்டும்தான். நான் தொலைக்காட்சி பார்ப்பது போல உட்கார்ந்துகொண்டு அதைத்தான் கேட்பேன்.

அதில் ஓர் இடம் உண்டு. "மூல திரும்பையிலே" என்று குரலை இறக்கி ஆரம்பிப்பாள், மீதி என் காதுக்கு எட்டாது. நான் சமையலறைப் பக்கம் போனால் அதோடு நிறுத்திவிடுவாள். எந்த மூலை? நான் அங்கே என்ன செய்தேன்? காப்பாரில் எங்கள் தெரு மூலையில் ஒரு கள்ளுக்கடை இருந்தது வாஸ்தவம். அதுவாக இருக்குமோ? அந்த மூலைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாமலே நான் நிஜமாகச் செத்துவிட்டால்? நேரடியாகவே கேட்டேன்.

"செத்தா கேட்டுக்குங்க" என்றாள்.

"செத்தா எப்படிடி கேக்குறது?"

"அதான் சொல்றேன்."

சரி, முறைப்படியே போவோம் என்று சங்கத்துக்கு எழுதினேன். பதில் வந்தது. ஒப்பாரி, இறப்பு நேர்ந்த வீட்டில் மட்டும், முன் அனுமதியோடு, ஒரு மணி நேரம். கூடவே ஒரு படிவம். ஆத்திரத்தில் நிரப்பினேன். விண்ணப்பதாரர்: கமலநாதன். இறந்தவர்: கமலநாதன். விண்ணப்பதாரருக்கு இறந்தவர் என்ன உறவு: நானே.

இரண்டு நாளில் அனுமதி கிடைத்துவிட்டது! கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கும் படிவத்தையே படிக்காதவர்கள் இதையா படிப்பார்கள்? குழுவில் சுற்றறிக்கையும் வந்தது: சனிக்கிழமை மாலை நான்கு முதல் ஐந்து வரை. வீட்டுக்கு ஒருவர் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும். வெள்ளைச் சட்டை.

கிஷன் போன் செய்தான். "அங்கிள், நீங்க உயிரோடதானே இருக்கீங்க?"

"உனக்கு எப்படித் தெரியுது?"

"இல்ல, சிஸ்டத்துல ஏறிடுச்சு. இனிமே கேன்சல் பண்ண முடியாது. நீங்க கொஞ்சம் ஒத்துழைக்கணும்."

ஒத்துழைத்தேன். சனிக்கிழமை நான்கு மணிக்குப் போர்ச்சில் பாய் விரித்து, வேட்டி கட்டி, திருநீறு பூசி, வடக்கே பார்க்கத் தலையை வைக்கலாமா என்று யோசித்து, வைத்துப் படுத்துவிட்டேன். நாற்பது வீட்டிலிருந்தும் வந்துவிட்டார்கள். எனக்குக் கொசு கடித்தது, சொறிந்துகொண்டேன். சுற்றறிக்கையில் நான் இறந்திருந்தேன், அவர்களுக்கு அது போதும்.

அமுதவள்ளிக்கு விஷயமே குழுவைப் பார்த்துத்தான் தெரியும். வெளியே வந்தவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் நிஜமாகவே போயிருக்கவேண்டும்.

"எந்திரிங்க. மானம் போவுது."

நான் அசையவில்லை.

"ஆன்டி, நாலு மணின்னு போட்டிருக்கு. நாலு பத்தாச்சு" என்றாள் தாமரை. எல்லோரும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

அமுதவள்ளி பல்லைக் கடித்துக்கொண்டு என் தலைமாட்டில் உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் வைத்து, எடுத்து, ஆரம்பித்தாள்.

"செவுத்துல ஆணி ஒண்ணு அடிக்கச் சொன்னேன் — என் செல்வமே,
செத்தே போனீரு, ஆணி இன்னும் அடிக்கலையே!
பத்து மணிக்குப் பல் வெளக்கும் பாண்டியரே — இப்போ
பாயப் போட்டுப் படுத்து என் மானத்த வாங்குறீரே!"

கூட்டத்தில் நாலைந்து பெண்கள் சிரித்தார்கள். தாமரை மட்டும் சிரிக்கவில்லை. அவள் கை தானாகத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. கிள்ளான் டவுன்காரிக்கு இந்தத் தாளம் எங்கிருந்து வந்தது என்று நினைத்துக்கொண்டேன். ஆணி, செருப்பு, லைட்டு, முருங்கைமரம் எல்லாம் பாட்டில் வந்து போயின. அப்புறம் குரல் இறங்கியது.

"மூல திரும்பையிலே — என் ராசாவே,
மோட்டார அணச்சீரே.
முத்துப்புள்ள முழிக்குமின்னு — வேல முடிஞ்ச விடிகாலையில
முந்நூறு அடி தள்ளி வந்தீரே.
சன்னலோரம் நான் நின்னேன் — அந்தச்
சங்கதிய நீர் அறியீரே."

சந்திரகலா கைக்குழந்தையாக இருந்தபோது சின்னச் சத்தத்துக்கும் வீறிட்டு அழுவாள். நான் மின்நிலையத்தில் இரவு வேலை முடித்து வருவேன். மோட்டார்சைக்கிளை மூலையிலேயே அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வருவேன். ஒன்றரை வருஷம். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கே மறந்துபோயிருந்தது. இவள் அத்தனை விடிகாலையும் விழித்திருந்து பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல், முப்பத்தைந்து வருஷமாக வெங்காயத்திடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

எனக்குக் கண்ணீர் காதுக்குள் போனது.

கிஷன் குனிந்து, "அங்கிள், நீங்க அழக்கூடாது லா" என்றான். அவன் கண்ணும் சிவந்திருந்தது. தாமரை வெளிப்படையாகவே மாரில் அடித்துக்கொண்டிருந்தாள். யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

ஐந்து மணிக்குச் சுற்றறிக்கைப்படி எல்லோரும் கலைந்தார்கள். அமுதவள்ளி எழுந்து புடவையை உதறினாள்.

"கேட்டாச்சுல்ல? பாயச் சுருட்டுங்க. தேங்காப்பால் இல்ல, வாங்கிட்டு வாங்க" என்றாள்.

மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். திரும்பும்போது எங்கள் தெரு மூலையில் என்ன நினைத்தேனோ, எஞ்சினை அணைத்தேன். இறங்கித் தள்ளினேன். அந்த வயசில் சுலபமாக இருந்தது. இப்போது மூச்சு வாங்கியது. காவல்கார நேப்பாளி ஓடிவந்து பெட்ரோல் தீர்ந்துவிட்டதா என்று மலாய் மொழியில் கேட்டான். இல்லை என்று தலையாட்டினேன்.

வீட்டை நெருங்கும்போது சமையலறைச் சன்னலிலிருந்து குரல் வந்தது.

"எதுக்குத் தள்ளிக்கிட்டு வர்றீங்க? வீட்டுல யாரும் தூங்கல."