ஒரு சொல்லுக்கு ஒரு ரொட்டிக்காரர்

1

இந்தக் கதை பிறக்கக் காரணமே நான்தான். சரியாக மொழிபெயர்த்துத் தொலைத்தேன். சிலுவைக் கொடியோடு வந்து எங்கள் நகரத்தைப் பிடித்துக்கொண்ட லத்தீன்காரர்களுக்கு நான் துபாஷி. கோட்டை வாசலில் அவர்களுடைய தளபதி, ரொட்டி சுடும் லியோந்தியோஸை நிறுத்தி, என்ன இனம் என்று கேட்டான். அவர் "ரோமன்" என்றார். நானும் வாய் கூசாமல் அப்படியே சொன்னேன். அவரைச் சிறையில் தள்ளிவிட்டார்கள்.

(அடிக்குறிப்பு மாதிரி: ரோமப் பேரரசின் கிழக்குப் பக்கத்துக் குடிகளான நாங்கள் பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்தே ரோமர்கள். அவர்களுக்கோ ரோம் என்றால் போப்பாண்டவர் இருக்கும் ஊர் மட்டும்தான். நாங்கள் வெறும் கிரேக்கர்களாம், ரோமன் என்று சொல்லிக்கொண்டால் திமிராம். எங்களுக்குக் கிரேக்கர் என்றால் சிலை கும்பிட்ட அந்தக் காலத்து ஆட்கள். வீடு புகுந்து கொள்ளையடித்தவன் வீட்டுக்காரனுக்குப் பெயரும் வைக்கிறான்.)

2

முதல் வரைவு: "லியோந்தியோஸ் அஞ்சாத வீரர். அவர்…" பொய். கழுதை கனைத்தாலே மாவு மூட்டைக்குப் பின்னால் போய்விடுவார்.

அடுத்தது: "மாவு படிந்த கைகளோடு அந்த மாமனிதர்…" சே.

கேட்டார்கள், சொன்னார். பெயர் கேட்டால் பெயர் சொல்வதில்லையா, அப்படி. அதற்குப் போய்ச் சிறையா?

3

நாளை மறுவிசாரணை. அங்கேயும் ரோமன் என்றால் கப்பலில் துடுப்பு வலிக்க அனுப்பிவிடுவார்கள். கைவசம் இரண்டு முடிவுகள் உண்டு.

அ) அவர் என்ன சொன்னாலும் நான் "கிரேக்கன்" என்று மாற்றிச் சொல்வேன். மனிதர் வீடு திரும்புவார். தெரிந்தால் என் முகத்தில் விழிக்கமாட்டார்.

ஆ) நான் சத்தியவான். அவர் துடுப்பு வலிப்பார். நான் அதைப் பற்றி உருக்கமாக எழுதுவேன். (இந்த வரியை எழுதிய கையை என்ன செய்தால் தகும்?)

பாதிரியாரைக் கேட்டேன், கடவுள் சித்தம் என்றார். கம்பிக்குப் பின்னாலிருந்த லியோந்தியோஸையே கேட்டேன். அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

4

கடைசியில் அவர் மனைவி தியோதோட்டேயிடம் இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டினேன். மாவு பிசைவதை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நாளைக்கு அங்க நான் என்ன சொல்லட்டும்? கதைய எப்படி முடிக்கட்டும்?"

"இதுல என்னடா ரெண்டு யோசனை? அங்க கிரேக்கன்னு சொல்லு. எனக்கு ஆளு வீட்டுக்கு வரணும். கதையில ரோமன்னு எழுது. அந்தத் திருட்டுப் பயலுகளுக்கு நம்ம எழுத்துப் படிக்கத் தெரியாது."