தலைவரின் கறை

அந்த வீட்டுக்கு அவள் மருமகளாக வந்த புதிதில், கண்ணாடி அலமாரியில் இருந்த பழைய எனாமல் பேசினை மாமனார் காட்டினார். "குண்டடி பட்ட தலைவர் இதுலதான் காயத்தைக் கழுவினாரு. எங்க தாத்தாதான் தண்ணி ஊத்தினாரு." சான்று எதுவும் கிடையாது. ஆனாலும் தெருவே நம்பியது. அவருக்குக் கிடைத்த மரியாதையெல்லாம் அந்தப் பேசின் போட்ட பிச்சை.

பேசின்தான் பொக்கிஷம் என்று சொன்னவர்கள், அடியில் இருந்த பழுப்புக் கறைதான் தலைவரின் ரத்தம் என்பதையும் சொல்லித் தொலைத்திருக்கலாம். சோதித்துப் பார்க்கட்டும் என்று கணவன் ஆசைப்பட்டு அருங்காட்சியக அதிகாரியை வரவழைத்தான். வருகிறவர் முகம் சுளிக்கக் கூடாதே என்று இவள் கம்பி நாரால் தேய் தேயென்று தேய்த்து, ஈரத்தோடு அலமாரியில் வைத்துவிட்டாள். பளபளத்த பேசினைப் பார்த்த அதிகாரி, "இதுல சோதிக்க ஒண்ணுமே இல்லையே" என்று கிளம்பிவிட்டார்.

அன்றிலிருந்து மாமனார் அவளோடு பேசுவதில்லை. கணவன் பேசினான், அதற்குப் பேசாமலே இருந்திருக்கலாம். "எங்க குடும்ப மானத்தையே தேச்சு எடுத்துட்டியேடி!" எதிர்வீட்டுத் தையல்காரர் தன் பங்குக்கு, "தலைவரையே கழுவி ஊத்திட்டியாமேம்மா" என்று சிரித்தார்.

அடுத்த வாரம் அலமாரியைத் திறந்த கணவன் வீடே அதிரக் கத்தினான். "அப்பா! கறை திரும்ப வந்துடுச்சு!" அதே இடம், அதே பழுப்பு. கண் கலங்க, சூட்டோடு சூடாக அதிகாரிக்குப் போன் போட்டான். மாமனார் முகம் வெளிறியது. சந்தோஷம் தாங்கவில்லை போலும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் அதிகாரியை அழைத்துவரக் கணவன் பஸ் நிலையம் போனதும் அவள் கறையைத் தொட்டுப் பார்த்தாள். பூச்சு உதிர்ந்த இடத்தில் இரும்பு சொரசொரத்தது. விரலில் ஒட்டியது வெறும் துரு. சோதித்தால் வெட்ட வெளிச்சமாகிவிடும். அவள் மேல் விழுந்த பழி போய்விடும். ஆனால் மாமனார் தெருவில் தலைகாட்ட முடியாது.

தெரியாமல் செய்ததற்கே இந்தப் பாடு. தெரிந்தே செய்தால் பிறந்த வீட்டுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆனாலும் கம்பி நாரை எடுத்தாள்.

பாதி தேய்த்திருப்பாள், பின்னால் செருமல் கேட்டது. மாமனார்! கையும் களவுமாக அகப்பட்டவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். "ஈரம் போக நல்லா துடைச்சு வைம்மா. போன தடவை ஈரத்தோட வெச்சதாலதான் திரும்ப வந்துடுச்சு."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அப்போ... உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மாமா?"

வாசலில் வண்டி வந்து நின்றது.

"அவன் கேட்டா, நீதான் தேச்சுட்டேன்னு சொல்லிடறேன், என்ன?" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.