பெரியவரை நேராய்ப் பார்க்கப் போனது

"நோயல் சார், ஃபைலைக் கொடுங்க. எங்க கேசை இனிமே நீங்க பாக்க வேணாம்."

ஆண்டர்சன்பேட்டை பஜாரில் வக்கீல் நோயலின் ஆபீஸ் பெஞ்சு நிறைய ஆள் உட்கார்ந்திருக்கும்போதுதான் சரோஜம்மா இதைச் சொன்னாள். சொன்னதோடு விட்டாளா? ஆறு வருஷமாய் வாய்தா வாங்கினதைத் தவிர இன்னா கிழிச்சீங்க என்றும் கேட்டாள். பெஞ்சில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

நோயல் முகம் சிவந்து போயிற்று. "வெள்ளிக்கிழமை வாய்தா. வீட்டைக் காலி பண்ண வேணாம்னு வாங்கின ஸ்டே அன்னியோட முடியுதும்மா. புது வக்கீல் யாரு?"

"பெங்களூர்ல, பெரியவரு. உங்களுக்கின்னா?"

தான் விலகிக்கொள்வதாக ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஃபைலைத் தள்ளினார் அவர்.

நேராய்ப் பெரியவரிடமே போகிற யோசனை அவள் அண்ணன் முனிரத்தினத்தினுடையது. ஃபாக்டரி பென்ஷன்காரர், பேப்பர் ஒரு வரி விடாமல் படிப்பவர். "நம்ப தாத்தா இன்னா பண்ணாரு? மேஸ்திரி காதுல போட்டுக்கலன்னா நேரா துரை பங்களா கேட்டாண்ட போய் நின்னாரு. லைன் வீடு அப்படித்தான் கெடச்சுது. நடுவுல நிக்கறவன்தான் எப்பவும் தொல்லை."

அது சரோஜம்மாவுக்கும் சரியென்றே பட்டது. நந்திதுர்க் லைனில், தங்கச் சுரங்கக் கம்பெனி அவள் புருஷன் பேருக்குக் கொடுத்து இப்போது திருப்பிக் கேட்கும் அந்த இரண்டு அறைதான் அவளுக்கு மிச்சம். சுரங்கத்துத் தூசி அவனைத் தின்று பதினொரு வருஷமாகிறது.

பெரியவரைப் பார்க்க வியாழக்கிழமைதான் நேரம் கிடைத்தது. அண்ணனும் தங்கையும் காலை ரயிலைப் பிடித்துப் போய், அவர் ஆபீசில் மாலை நாலு வரைக்கும் காத்திருந்தார்கள். கடைசியில் அவரே எழுந்து வந்து, "உக்காருங்கம்மா" என்று தமிழில் சொன்னதும் சரோஜம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஃபைலை நீட்டினாள்.

அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"உங்க வக்கீல் எங்கே?"

"அவரு வேணாம்னுட்டுத்தான் ஐயா உங்களாண்ட வந்தோம்."

"நான் சீனியர்மா. கட்சிக்காரர் கையிலேர்ந்து நேரா கேஸ் வாங்க எனக்குச் சட்டத்துல இடமில்லை. ஒரு வக்கீல் வக்காலத்து போட்டு, அவர் கூப்பிட்டாத்தான் நான் வாயைத் திறக்கலாம்."

"இதோ, இவங்க வக்கீல்தானே?" முனிரத்தினம் பக்கத்து மேஜையில் இருந்த ஜூனியர் பெண்ணைக் காட்டினார். நேத்ரா என்று அவளை அழைத்தார்கள்.

"எனக்கு நாளைக்கு இங்கேயே ரெண்டு கேஸ் இருக்கு அங்க்கிள்," என்றாள் அவள். "ஆறு வருஷக் கேசை ராத்திரிக்குள்ள படிச்சு கோலார் வர ஆகல்லா, முடியாது."

பெரியவர் சரோஜம்மா பக்கம் திரும்பினார். "பழைய வக்கீலையே கூப்பிடுங்க. அவர் எனக்கு ஒரு போன் போடட்டும். நாளைக்கு நான் வீடியோவுல வந்து நிக்கறேன். ஃபீஸ் வேணாம்."

வெளியே மரத்தடியில் நின்று சரோஜம்மா போன் போட்டாள். மூன்றாவது தடவை நோயல் எடுத்தார்.

"சார், நான் சொன்னது தப்பு. மன்னிச்சிக்குங்க சார்."

"மன்னிக்க இன்னா இருக்கு? நீங்க கேட்ட மாதிரியே இன்னிக்குக் கோர்ட்ல விலகிட்டேம்மா. ஜட்ஜும் எழுதிகினாரு."

"மறுபடி வாங்க சார். பெரியவருக்கு நீங்க ஒரே ஒரு போன் போட்டா போதும் சார்."



"அந்தப் பெஞ்சுல உக்காந்திருந்ததுல மூணு பேரு அன்னிக்கே ஃபைலை வாங்கிகினு போயிட்டாங்க சரோஜம்மா. நான் வரலை. விட்டுடுங்க."

அதற்குமேல் அவர் எடுக்கவேயில்லை.

திரும்பும் ரயிலில் நிற்கத்தான் இடம். வேலை விட்டு வரும் கூட்டம் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. பங்காரப்பேட்டை தாண்டியதும் முனிரத்தினம் மெதுவாய்ச் சொன்னார்: "நீயே நில்லு. கேஸ் உன்னுது. ஜட்ஜு நீ பேசினாலும் கேக்கணுமாம், அந்த வக்கீல் பொண்ணு சொல்லிச்சு."

"நின்னுகினு?"

"இப்ப நான்தான் ஜட்ஜுன்னு வெச்சுக்கோ. சொல்லு."

சரோஜம்மா கூட்டத்துக்கு நடுவில் நிமிர்ந்து நின்றாள். "ஐயா, அது என் வீடு."

"அலாட்மென்ட் யாரு பேர்ல கீது?"

"அவரு பேர்ல."

"அவரு போனப்புறம் உன் பேருக்கு மாத்த மனு குடுத்தியா? எந்த வருஷம்? கம்பெனி இன்னா பதில் போட்டுது?"

ஃபைலைத் திறந்தாள். எல்லாம் இங்கிலீஷ். பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் பென்சிலால் பொடிப்பொடியாய் நோயலின் எழுத்து.

"எனக்குத் தெரியாதுண்ணே," என்றாள். "அதெல்லாம் நோயல் சாருக்குத்தான் தெரியும்."