கொக்குகளின் ஐஸ் பீப்பாய்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து ஹோல்ட்வில் கல்லூரி அணிக்குக் கொக்குகள் என்று பெயர் வைத்த புண்ணியவானுக்குக் கருநாக்காகத்தான் இருந்திருக்க வேண்டும். ஏழு சின்னக் கல்லூரிகள் மோதும் அந்த லீக்கில் கொக்குகள் நான்கு வருடமாக ஒற்றைக் காலில் நின்றதுதான் மிச்சம். ஒரு மீன்கூட அகப்படவில்லை.

எமெட் ஷ்ரோடர் கல்லூரியில் சேர்ந்ததும் அந்த நான்கு வருடத்தின் தொடக்கத்தில்தான். "எல்லாம் நீ வந்த நேரம்டா" என்பான் அறைத் தோழன் டைரெல். எமெட் பன்றிப் பண்ணைக்காரர் வீட்டுப் பிள்ளை. வாசலில் நின்றால் கதவே தேவையில்லை, அப்படி ஓர் உடம்பு. பெயர்தான் ஃபுட்பால், காலுக்கு அதில் எப்போதாவதுதான் வேலை. எமெட்டுக்கோ பந்தைத் தொடும் பாக்கியமே கிடையாது. பந்து வைத்திருக்கும் தன் ஆளை எவனும் நெருங்காதபடி எதிரில் நிற்பவனை முட்டித் தள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு வேலையும் அவனிடம் இருந்தது. பெரிய ஆட்டத்தில் ஜெயித்தால் ஐஸ் தண்ணீர்ப் பீப்பாயைப் பயிற்சியாளர் தலையில் கவிழ்ப்பது அந்த ஊர்ப் பக்கத்து வழக்கம். ஹோல்ட்வில்லில் அது கடைசி வருட மாணவனின் உரிமை. கொக்குகளுக்கு எந்த வெற்றியும் பெரிய வெற்றிதான் என்பதால் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எமெட் பீப்பாயை நிரப்பினான். ஒவ்வோர் ஆட்டமும் முடிந்ததும் புல்லில் கொட்டினான்.

"புல்லு நல்லா வளருது" என்பார் கோச் கோவாரிக். "என் தலையில ஊத்தியிருந்தா நாலு முடியாவது மொளச்சிருக்கும்."

அந்தப் பருவமும் பழைய பாட்டையே பாடியது. முதல் ஆட்டத்தில் நாற்பது புள்ளியில் அடி. அடுத்ததில் பந்தைப் பிடித்த டைரெல், மழையில் திசை தடுமாறித் தன் பக்கமே ஓடினான். பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் பெட்ரோல் பங்க் பீட்சாவும் கேலியும்தான். ஆனால் அக்டோபர் கடைசியில் அடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஓர் ஆட்டத்தை இரண்டே புள்ளியில் தோற்றபோது பையன்கள் கோப்பை வாங்கியவர்கள் மாதிரி கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

கடைசி ஆட்டம் பக்கத்து ஊர்க் காட்டெருமைகள் அணியோடு, சொந்த மைதானத்தில். அதோடு எமெட்டின் ஆட்டக்காலம் முடிகிறது. பிறகு பண்ணைதான். ஒரே ஒரு தடவை ஜெயித்துவிட்டுப் போக வேண்டும் என்று அவனுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அவன் அம்மா லோரெட்டா வழக்கம்போல மாட்டுமணியோடு வந்திருந்தாள். மற்ற அம்மாக்கள் எதற்கெடுத்தாலும் மணியடிப்பார்கள். லோரெட்டாவின் மணி நான்கு வருடமாகக் கைப்பையை விட்டு வெளியே வரவில்லை.

"ஜெயிச்சாத்தான் அடிப்பேன்" என்றாள். "சும்மா சும்மா அடிச்சா மணிக்கு என்னடா மரியாதை?"

அன்று கொக்குகளுக்கு மீன் அகப்பட்டது. ஆட்டம் முடியப் போகும்போது ஒரு புள்ளி முன்னிலை. பந்து காட்டெருமைகள் கையில். அவர்கள் வீசிய கடைசிப் பந்து யார் கையிலும் சிக்காமல் தரையில் விழுந்தது. கடிகாரமும் பூஜ்யத்தில் நின்றதுபோல் தெரிந்தது. எமெட் யோசிக்கவில்லை, பீப்பாயைத் தூக்கிக் கோச் தலையில் கவிழ்த்தான். மொத்த அணியும் களத்துக்குள் பாய்ந்தது.

நடுவர் மஞ்சள் துணியை வீசினார். கடிகாரத்தில் ஒரு விநாடி மிச்சம் இருந்தது. ஆட்டம் முடியாமல் களத்தில் புகுந்ததற்குத் தண்டனையாகப் பந்து பதினைந்து கஜம் கொக்குகளின் பக்கம் நகர்ந்தது. கோல் கம்பங்களுக்கு இடையே பந்தை உதைக்க எட்டாத தூரத்தில் நின்ற காட்டெருமைகளுக்கு அது எட்டும் தூரமாகிவிட்டது. உதைத்தால் மூன்று புள்ளி. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தாயிற்று, அதுவும் எமெட் தன் கையாலேயே.

நவம்பர்க் காற்றில் கோச்சின் பற்கள் தந்தியடித்தன. காதில் ஓர் ஐஸ்கட்டி உட்கார்ந்திருந்தது.

"ஊத்துனது நீதான?"

"ஆமா கோச்."

"அப்ப நீயே உள்ள போ. அந்த உதையைத் தடு."

எமெட் போனான். பந்து வந்ததும் எதிரில் நின்றவனை நெஞ்சோடு நெஞ்சு முட்டித் தள்ளினான். இரண்டு கையையும் தூக்கி எம்பினான். எம்பிப் பழக்கமில்லாத உடம்பு. விரல் நுனியில் ஏதோ சுரீரென்றது, அடுத்த கணம் மல்லாந்து கிடந்தான், மேலே மூன்று பேர். பந்து எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நாலா பக்கமும் கூச்சல், யாருடைய கூச்சல் என்றும் புரியவில்லை. பீப்பாயைக் கவிழ்த்தபோதும் இப்படித்தான் கத்தினார்கள்.

அப்போது கேட்டது, கணகணவென்று ஒரு மாட்டுமணி. அந்த மணியை அவன் வீட்டுத் தொழுவத்திலேயே கேட்டு வளர்ந்தவன். முதல் கூச்சலுக்கு அது அசையவில்லை. லோரெட்டா நடுவரின் கையைப் பார்க்காமல் அடிக்கிறவள் இல்லை. எமெட் படுத்தபடியே அழுதான்.

டைரெல் அவனை இழுத்து நிறுத்தினான். "பந்து கம்பத்துக்குக் கீழயே விழுந்துடுச்சுடா. உன் பன்னிக்காரக் கையால கெடுத்த, அதாலயே காப்பாத்திட்ட."

சொட்டச் சொட்டக் கோச் வந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது.

"மன்னிச்சிருங்க கோச்" என்றான் எமெட்.

"மன்னிப்பு கெடக்கட்டும். ஜெயிக்கறதுக்கு முன்னாடி ஊத்துன தண்ணி செல்லாது." கோச் தொப்பியைக் கழற்றி டைரெல் கையில் கொடுத்தார். "போய் மறுபடியும் நெரப்பிட்டு வா. ஐஸ் நெறைய போடு."

எமெட் காலிப் பீப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு குழாயடிக்கு ஓடினான். நான்கு வருடத்தில் அவன் அவ்வளவு வேகமாக ஓடிக் கோச் பார்த்ததே இல்லை.