படுக்கையறை மீட்டர்

மின்கம்பி எட்டாத மலைச்சரிவில் அண்ணன் கட்டி முடித்த வீட்டுக்குத் தனியாகவே குடிபோவதென்று அண்ணி முடிவு செய்துவிட்டாள். அங்கே சூரிய மின்சாரம் அமைக்கும் வேலை இளையவன் தலையில் விழுந்தது. வயரிங் அவனுக்கு அத்துப்படி. ஆனால் பேட்டரியை நம்பிக் குடும்பம் நடத்தப்போகும் வீட்டுக்கு இதுவே முதல் தடவை. முதலில் பேனல் வாங்காதே, வீடு எவ்வளவு தின்கிறதென்று அளந்து பார் என்று எங்கோ படித்திருந்தான். அதனால் அண்ணி இப்போதிருக்கும் வீட்டில் பிளக்குக்குப் பிளக் மீட்டர் மாட்டிச் சில நாள் விட்டிருந்தான். இன்று காலை வந்து ஒவ்வொன்றாகக் கழற்றினான்.

"பிரிட்ஜ் ஒழுங்கா இருக்கு அண்ணி. மிக்ஸிதான் பயமுறுத்துது."

"அதுவும் என்னை மாதிரிதான். கத்தும், உடனே அடங்கிடும்."

சிரித்தார்கள். அண்ணன் போனபிறகு இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டால் இருவருக்குமே கொஞ்சம் திடுக்கென்றிருக்கும்.

படுக்கையறை மீட்டரைப் பார்த்ததும் அவன் புருவம் சுருங்கியது.

"இங்க போன் சார்ஜர் மட்டும்தானே சொன்னீங்க? கன்னாபின்னான்னு காட்டுதே. மீட்டர் ஓட்டை போல."

அண்ணி மடித்து வைத்த துணியையே எடுத்து மறுபடி மடித்தாள்.

அவன் வயரைப் பிடித்துக்கொண்டே போனான். அது கட்டிலைச் சுற்றி அண்ணன் படுக்கும் பக்கம் போய் நின்றது. அங்கே மூச்சு மெஷின் இருந்தது. தூக்கத்தில் மூச்சு அடைத்துக்கொள்ளும் அண்ணனுக்கு இரவெல்லாம் காற்று ஊதிய பெட்டி. அதன் முகமூடி தலையணை மேல் கிடந்தது. தலையணைக்குத் துவைத்த உறை போட்டிருந்தது.

"தினமும் மெஷினைப் போடுறீங்களா அண்ணி?"

"அந்தச் சத்தம் இல்லாம தூக்கம் வரல தம்பி. நின்னுட்டா முழிச்சுக்குவேன். மாஸ்க்கைக் கழட்டிட்டாரோன்னு கை அந்தப் பக்கம் போகும்." சற்று நிறுத்தி, "ஆள் இல்லாம ஓடினா கம்மியாத்தானே இழுக்கும்?" என்றாள்.

பொய் சொல்லியிருக்கலாம். அவனுக்கு வரவில்லை.

"கூடத்தான் இழுக்கும். முகத்துல மாட்டலேன்னா காத்து ஒழுகிட்டே இருக்கும். அதை ஈடுகட்ட மோட்டார் இன்னும் வேகமாச் சுத்தும்."

"யாரும் இல்லேன்னு அதுக்குத் தெரியாதா?"

"தெரியாது அண்ணி."

மலைவீட்டுக் கூரையில் மரநிழல் விழாத இடம் இரண்டு பேனலுக்குத்தான். அவை நிரப்பும் பேட்டரி இரவில் பிரிட்ஜைத் தாங்கும், அல்லது மெஷினைத் தாங்கும். இரண்டையும் தாங்காது. தயங்கித் தயங்கி அதைச் சொன்னான்.

"அப்ப பிரிட்ஜ் வேண்டாம்."

"பால் வைக்க, காய் வைக்க என்ன பண்ணுவீங்க? அண்ணன் இருந்தா திட்டுவார்."

"வந்து திட்டட்டும்."

அவன் மீட்டர்களைப் பைக்குள் போட்டான். பிரிட்ஜ் கணக்கிலிருந்து போயிற்று.

கிளம்ப எழுந்தவன் மறுபடி உட்கார்ந்தான்.

"ஒரு தடவை போடுங்க அண்ணி. நானும் கேக்குறேன்."

அவள் எட்டிப் பொத்தானை அழுத்தினாள். முகமூடியிலிருந்து புஸ்ஸென்று காற்று வந்தது. தலையணையுறையின் ஓரம் படபடத்தது. பகல் வெளிச்சத்தில், கட்டிலின் இந்தப் பக்கத்திலேயே இருவரும் ஒதுங்கி உட்கார்ந்திருந்தார்கள்.